விருதுக்கு விண்ணப்பிக்கும் முன்: கல்யாண் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

மகாராஷ்டிர அரசின் மாவட்ட யுவா புரஸ்காருக்கு விண்ணப்பிக்க 13 வயது நிறைந்திருந்தால் போதும். 35 வயது வரை விண்ணப்பிக்கலாம். 2012-ஆம் ஆண்டின் மாநில இளைஞர் கொள்கையின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் இளைஞர், ஓர் இளம்பெண், பதிவு பெற்ற ஓர் அமைப்பு என்று தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த மாவட்டத்தில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் குடியிருந்திருக்க வேண்டும். சொந்த ஊர் திருநெல்வேலியா சேலமா என்பது அங்கே கணக்கில் வராது. கல்யாணில் இருப்பவர்கள் தாணே மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தாராவியில் இருக்கும் அத்தை பிள்ளைகளுக்கு மும்பை நகர மாவட்டம், செம்பூர் என்றால் மும்பை புறநகர் மாவட்டம்.

கல்யாண் கிழக்கில் நம் பிள்ளைகள் வேலை செய்யாமல் இல்லை. பொங்கல் விளையாட்டு விழாவை நடத்துகிறார்கள், கணபதி விசர்ஜனில் நிர்மால்யம் அள்ளுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை தமிழ் எழுத்து சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் விண்ணப்பப் படிவம் கையில் வந்ததும் திகைத்து நிற்கிறார்கள். அந்தப் படிவம் கடந்த மூன்று ஆண்டு வேலையைக் கேட்கிறது. ஆதாரமாகப் பத்திரிகைச் செய்தி, பாராட்டுக் கடிதம், படம், வீடியோ கேட்கிறது. மூன்று ஆண்டு வேலைக்கு மூன்று நாளில் ஆதாரம் திரட்ட முடியாது. இதை மட்டும் பிள்ளைகளும் பெற்றோரும் மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் செய்யக்கூடிய வேலைதான்.

எதற்குக் கோப்பு, எதற்குத் தேர்வு

முதலில் இதைப் பிரித்துப் பாருங்கள். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் உதவித்தொகைத் தேர்வுக்கு, செய்த வேலையையும் அதன் ஆதாரங்களையும் அடுக்கிய சேவைக் கோப்பு தேவையில்லை. அரசு, மாநகராட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டாத பிள்ளைகள் எழுதலாம். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இது கைக்கெட்டும் பணம். இதற்குப் படிப்புதான் வழி, கோப்பில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

கோப்பு பேசும் இடங்கள் வேறு. மேலே சொன்ன யுவா புரஸ்கார் ஒன்று. பிரதமரின் தேசிய பால புரஸ்கார் இன்னொன்று: 5 முதல் 18 வயது வரை, வீரம், சமூக சேவை, சுற்றுச்சூழல், விளையாட்டு, கலை பண்பாடு, அறிவியல் தொழில்நுட்பம் ஆகிய துறைகளில் தருகிறார்கள். யாரும் ஒரு பிள்ளையைப் பரிந்துரைக்கலாம், பிள்ளை தானே விண்ணப்பிக்கவும் செய்யலாம். பள்ளியில் சாரணர் அணியில் இருந்தால் ராஜ்ய புரஸ்கார் வரை ஒவ்வொரு படிக்கும் பதிவேடு வேண்டும். கல்லூரியில் என்.எஸ்.எஸ். சேர்ந்தால் இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவையும் ஏழு நாள் முகாமும் உண்டு, அதற்கும் நாட்குறிப்பு எழுதியாக வேண்டும். தனியார் அறக்கட்டளைகளின் உதவித்தொகை நேர்காணலிலும் மதிப்பெண்ணுக்கு அடுத்தபடியாகக் கேட்பது, படிப்பைத் தவிர என்ன செய்தாய் என்பதைத்தான். இந்த ஐந்துக்கும் ஐந்து கோப்பு தேவையில்லை. ஒரே நோட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் எடுக்கலாம்.

அந்த நோட்டு

இருநூறு பக்கக் கெட்டி அட்டை நோட்டு ஒன்று வாங்குங்கள். போனில் எழுதலாமே என்பீர்கள். போன் மாறும், கணக்கு மறந்துபோகும், வாட்ஸ்அப் படம் அழியும். நோட்டில் எழுதிவிட்டுப் பக்கத்தைப் போனில் படமெடுத்து வைப்பதுதான் என் பரிந்துரை.

வேலை முடிந்த அன்று இரவே எழுத வேண்டும். ஒரு வாரம் போனால் எத்தனை பேர் வந்தார்கள் என்பது மறக்கும், ஒரு மாதம் போனால் தேதியே மறக்கும். தேதி, இடம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், யாருடன், என் பொறுப்பு என்ன, அதனால் என்ன நடந்தது, பார்த்தவர் யார், ஆதாரம் எது என்று ஒவ்வொரு பதிவிலும் இருக்கட்டும்.

உதாரணத்துக்கு விசர்ஜன் நாளை எடுத்துக்கொள்வோம். பலரும் எழுதுவது இப்படி இருக்கும்: "கணபதி விசர்ஜனில் தூய்மைப் பணியில் கலந்துகொண்டேன்." இதைப் படிக்கும் தேர்வுக் குழுவுக்கு ஒன்றுமே தெரியாது. கூட்டத்தில் நின்றவரும் இதே வாக்கியத்தை எழுதலாம். அதே நாளை இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஐந்தாம் நாள் விசர்ஜன், துர்காடி கணேஷ் காட். மாலை 5 முதல் இரவு 10 வரை. நாங்கள் 6 பேர். பூ மாலைகளிலிருந்து பிளாஸ்டிக்கையும் தெர்மாகோலையும் பிரிப்பதும் மூட்டைகளை எண்ணுவதும் என் பொறுப்பு. நிர்மால்யம் 14 மூட்டை, மாநகராட்சி வண்டியில் ஏற்றினோம். சென்ற ஆண்டு எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் போட்டதால் வண்டிக்காரர் வாங்க மறுத்தார். இந்த ஆண்டு முதலிலேயே இரண்டு டிரம் வைத்தோம், மறுப்பில்லை."

கடைசி இரண்டு வரியைக் கவனியுங்கள். ஒரு சிக்கல் இருந்தது, ஒருவர் யோசித்தார், மாற்றம் வந்தது. குழு தேடுவது அதைத்தான். பதினான்கு மூட்டை பெரிய எண்ணா என்று கவலைப்பட வேண்டாம். எண்ணியவர் நீங்கள் என்பதுதான் முக்கியம். எண்ணாததை எழுதாதீர்கள். "சுமார் ஐந்நூறு பேர் பயனடைந்தனர்" என்று போட்டுவிட்டு, நேர்காணலில் "எப்படிக் கணக்கிட்டீர்கள்?" என்ற ஒரு கேள்வியில் சிக்கிக்கொண்டால் நோட்டில் உள்ள உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நம் பிள்ளைகள் எழுத மறக்கும் சேவை ஒன்று உண்டு. தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டியை ருக்மிணிபாய் ஆஸ்பத்திரிக்கோ சயான் ஆஸ்பத்திரிக்கோ அழைத்துப்போய், டாக்டர் மராத்தியில் சொன்னதைத் தமிழில் சொல்வது. ஊரிலிருந்து புதிதாக வந்த குடும்பத்துக்கு ரேஷன் கார்டு படிவம் நிரப்பிக் கொடுப்பது. வங்கியில் கையெழுத்துக்காக நிற்கும் சித்தப்பாவுக்கு இந்தியில் பேசுவது. வீட்டில் இதை வேலையாகவே யாரும் நினைப்பதில்லை, "சும்மா கூடப் போனேன்" என்கிறார்கள். மூன்று மொழியைப் பதினைந்து வயதில் சரளமாகப் பேசி அடுத்தவருக்குப் பயன்படுத்தும் திறன் மும்பைத் தமிழ்ப் பிள்ளையின் தனிச் சொத்து. அதை நோட்டில் ஏற்றுங்கள். நோயாளியின் பெயரையும் நோயையும் மட்டும் எழுதாதீர்கள். "முதியவர் ஒருவர், வெளிநோயாளர் பிரிவு, மூன்று மணி நேரம், மருந்துச் சீட்டைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன்" என்றால் போதும்.

ஆதாரம் சேர்ப்பது

மேடையில் நின்று சால்வை வாங்கும் படம் ஒன்று போதும். மிச்சமெல்லாம் வேலை செய்யும் படமாக இருக்கட்டும். ஓர் இடத்தைச் சுத்தம் செய்கிறீர்கள் என்றால் முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று, ஒரே பக்கம் பார்த்து எடுங்கள். தேதியும் இடமும் படத்திலேயே பதியும் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. சிறு பிள்ளைகளின் முகம் தெரியும் படத்துக்கு அவர்கள் பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடிதம் அந்த வாரமே வாங்க வேண்டும். கணபதி மண்டல் தலைவர் அடுத்த ஆண்டு மாறுவார், ஆசிரியருக்கு மாற்றல் வரும். கடிதம் கேட்கப் போகும்போது நோட்டின் அந்தப் பக்கத்து ஜெராக்ஸைக் கொண்டுபோய்க் கொடுங்கள். வெறுங்கையோடு போனால் "இவர் நல்லவர், ஒழுக்கமானவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்" என்றுதான் எழுதித் தருவார்கள். ஜெராக்ஸ் கையில் இருந்தால் தேதியும் பொறுப்பும் கடிதத்தில் ஏறும். லெட்டர்ஹெட், தேதி, கையெழுத்து, பதவி, முத்திரை, தொலைபேசி எண் இவற்றில் ஒன்று குறைந்தாலும் அங்கேயே நின்று கேட்டு வாங்குங்கள். தமிழ் அமைப்பு தமிழில் தந்த கடிதமென்றால் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்த்து அதே அமைப்பின் முத்திரையோடு இணையுங்கள். தாணே அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

சான்றிதழ்களை லாமினேட் செய்யாதீர்கள். பின்னால் முத்திரை வைக்கவோ பின்பக்கம் எழுதவோ முடியாமல் போகும். பிளாஸ்டிக் உறை போதும். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, வேறொரு வீட்டில் இருக்கும் யாருக்காவது மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். 2005 ஜூலை 26 வெள்ளத்தைப் பார்த்த கல்யாண்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பெயர்

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் அலைவது இங்கேதான். நம் வழக்கம் இனிஷியல். மகாராஷ்டிரப் படிவமோ குடும்பப்பெயர், தன் பெயர், தந்தை பெயர் என்று மூன்று கட்டம் கேட்கிறது. அதனால் ஒரே பிள்ளை ஆதாரில் "எஸ். முத்துக்குமார்", பள்ளியில் "முத்துக்குமார் சுடலைமுத்து", சங்கச் சான்றிதழில் "முத்து", பாஸ்புக்கில் "நாடார் முத்துக்குமார்" என்று நான்கு பேராகிவிடுகிறான். நான்கும் ஒருவரே என்று நிரூபிக்கும் வேலை விண்ணப்பக் கடைசி வாரத்தில் வந்து நிற்கும்.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிவம் நிரப்புவதற்கு முன்பே பள்ளியின் ஜெனரல் ரெஜிஸ்டரில் பெயர் எப்படி இருக்கிறது என்று பெற்றோர் போய்ப் பார்த்துவிட வேண்டும். பள்ளியை விட்டுப் போன பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. அங்கே உள்ள எழுத்துக்கூட்டல்தான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஏறும், அதையே ஆதாருக்கும் வங்கிக்கும் கொண்டுபோங்கள். விழாவில் சான்றிதழ் எழுதும் அண்ணனிடம் ஒரு சீட்டில் முழுப் பெயரை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தாசில்தார் அலுவலகக் காகிதங்கள்

வருமானச் சான்றும் டொமிசைல் சான்றும் விண்ணப்ப அறிவிப்பு வரும் முன்பே கையில் இருக்கட்டும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரத்தில் கூட்டம் அலைமோதும், அதற்கு முன் முடிப்பது நல்லது. யுவா புரஸ்காருக்கு ஐந்தாண்டுக் குடியிருப்பைக் காட்ட வேண்டும் என்பதால் பழைய மின்கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம், பள்ளி போனபைட் எதையும் எறியாதீர்கள்.

சாதிச் சான்று விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியாக இருக்கும் குடும்பம் மகாராஷ்டிரத்தில் அந்தச் சலுகையைப் பெற, 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பிற்படுத்தப்பட்ட வகுப்புகளுக்கு அந்தத் தேதி 1967 அக்டோபர் 13. தாத்தாவின் ரயில்வே சர்வீஸ் புத்தகமோ பழைய பள்ளிச் சான்றோ இருந்தால் பொக்கிஷமாகக் காத்துவையுங்கள். இல்லாத குடும்பங்கள் சாதி வழி உதவித்தொகைக்காகப் பிள்ளையைக் காத்திருக்க வைக்க வேண்டாம். அந்தக் கட்டம் இல்லாத விருதுகளும் அறக்கட்டளைகளும் இருக்கின்றன. இந்தப் பிள்ளைகளுக்கு நல்ல கோப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதாலேயே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஒரு பக்கக் கடிதம்

கோப்பின் முதல் பக்கத்தில் நீங்கள் யார், என்ன செய்தீர்கள், இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். இதற்கு வழிகாட்டி நம் கல்யாணிலேயே பிறந்திருக்கிறார். 1865-இல் இங்கே பிறந்த ஆனந்திபாய் ஜோஷி, 1883-இல் பதினெட்டு வயதில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரிக்கு இடம் கேட்டுக் கடிதம் எழுதினார். கல்லூரி கேட்ட தகுதிகள் எல்லாம் தன்னிடம் இல்லாமல் போகலாம் என்பதை மறைக்கவில்லை. எதற்காக வந்திருக்கிறேன் என்பதை ஒரே குறியாகச் சொன்னார்: ஆண் மருத்துவரிடம் காட்டுவதைவிடச் சாவதே மேல் என்று இருக்கும் தன் நாட்டுப் பெண்களுக்கு மருத்துவம் பார்க்க வேண்டும். இடம் கிடைத்தது, 1886-இல் பட்டமும் பெற்றார்.

அந்தக் கடிதத்தில் பெருமைச் சொற்களைவிடத் தேவையும் நோக்கமும் முன்னே நிற்கின்றன. உங்கள் பக்கத்திலும் "சிறுவயது முதலே சமூக ஆர்வம் கொண்ட நான்" என்று தொடங்காமல், உங்கள் சாலில், உங்கள் பள்ளியில் நீங்கள் கண்ட ஒரு குறையிலிருந்து தொடங்குங்கள். நோட்டிலிருந்து மூன்று பதிவுகளை மட்டும் எடுங்கள். முப்பது நிகழ்ச்சிகளை அடுக்கினால் எதுவும் மனதில் நிற்காது. அடுத்த இரண்டு ஆண்டுத் திட்டத்தையும் சொல்லுங்கள். யுவா புரஸ்கார் பெறுபவர் விருதுக்குப் பிறகும் குறைந்தது இரண்டு ஆண்டு தொடர்ந்து பணி செய்வதாக உறுதிமொழி தர வேண்டும் என்பது விதி, ஆகவே இது வெறும் அலங்காரப் பத்தி அல்ல. எழுதி முடித்ததும் வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். "நீ என்னதான் செய்தாய்?" என்று அவர் கேட்டால் திரும்ப எழுத வேண்டும்.

அடுக்குவதும் கொடுப்பதும்

ஒரு பக்கக் கடிதம், மூன்று ஆண்டுப் பணியின் ஆண்டுவாரிச் சுருக்கம், பிறகு ஆதாரங்கள் என்று அடுக்குங்கள். ஒவ்வொரு ஆதாரத்துக்கும் எண் போட்டு, சுருக்கத்தில் அந்தந்த வரிக்கு எதிரே அதே எண்ணை எழுதுங்கள். படிப்பவர் தேட வேண்டியிருந்தால் தேட மாட்டார். எல்லா ஜெராக்ஸிலும் சுயகையொப்பம் இடுங்கள். முழுக் கோப்பையும் இரண்டு பிரதி எடுத்து, கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு பிரதியை அங்கே கொடுத்து, மற்றதன் முதல் பக்கத்தில் வரவு முத்திரையும் எண்ணும் வாங்குங்கள். அந்த எண்ணை அன்று இரவே நோட்டில் எழுதுங்கள். இணையத்தில் விண்ணப்பித்தால் கடைசியில் வரும் ஒப்புகைப் பக்கத்தை அச்செடுத்து அதே நோட்டில் ஒட்டிவிடுங்கள்.