நீரில் காணும் கூண்டு: நெல்லுக்குப் பகையா?

நடவு முடிந்து நீர் தேங்கி நிற்கும் தஞ்சை வயல்களில் சிறு கூண்டுகள் தென்படுவதுண்டு. மருந்து தெளிக்குமுன் ஒரு கூண்டைப் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

இலைத்துண்டைக் குழலாகச் சுருட்டிய கூண்டு நீரில் மிதந்தாலும் பயிரில் தொங்கினாலும் அது நெல் கூண்டுப்புழு. இது ஓர் அந்துப்பூச்சியின் புழு. வெளிர் பச்சை நிறம். பக்கங்களில் நூல் போன்ற செவுள்கள். வயிற்றின் அடியில் சதைக்கால்கள் இருக்கும். இது பச்சையத்தைச் சுரண்டுவதால் இலையில் ஏணிப்படி போல் வெண்கோடுகள் தோன்றும்.

வாய்க்கால் கல்லிலும் பாசியிலும் சுருக்குப்பை போன்ற கூண்டு, சில மில்லிமீட்டர் நீளத்தில் இருந்தால் அது 'கேடிஸ்' பூச்சியின் மிகச் சிறிய வகை. மணலைப் பட்டுநூலால் ஒட்டிக் கூண்டு கட்டும். புழுவுக்குச் சதைக்கால் வயிற்றில் இல்லை. வால் நுனியில் இரு கொக்கிகள் உண்டு. பெரும்பாலும் பாசிச் சாற்றையே உறிஞ்சும். வளர்ந்த பூச்சியின் இறகில் அந்துப்பூச்சிபோல் செதில் இராது, மயிரே இருக்கும். எந்த இனம் என்பதை ஆண்பூச்சியின் வயிற்று நுனியை நுண்ணோக்கியில் பார்த்தே உறுதி செய்வர். இதற்கு மருந்து தேவையில்லை.

கூண்டுப்புழு தாக்கினால், பயிரின் மேல் கயிற்றை இழுத்துக் கூண்டுகளை நீரில் விழச் செய்ய வேண்டும். வடிமடையில் வலை கட்டி நீரை வடித்து, சேரும் கூண்டுகளை அழிக்க வேண்டும். வலையின்றி வடித்தால் அவை அடுத்த வயலுக்குப் போய்விடும். 2, 3 நாள் வயல் நீரின்றி இருந்தால், செவுளால் மூச்சுவிடும் எஞ்சிய புழுக்களும் மடியும். மருந்துச் செலவும் மிச்சமாகும்.