ரசீது எங்கே?

கோட்டுகால் ஊரில் ஒரு தாய் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெரியவரான பிறகுதான் எழுதப் படிக்கக் கற்றார். அவர் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். டாக்டர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு நீட் தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பத்தை இணையம் வழியாகத்தான் அனுப்ப வேண்டும்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. தாய் அக்ஷயா மையத்துக்குப் போகிறார். பணத்தைக் கொடுக்கிறார். "நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா" என்கிறார் ஊழியர்.

தாய் அப்படியே வீடு திரும்பலாமா? கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

பக்கத்தில் நடந்த சம்பவம்

2025 மே 4, ஞாயிற்றுக்கிழமை. அன்று நாடு முழுவதும் நீட் தேர்வு நடந்தது. 22 லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள்.

பாறசாலைப் பகுதி மாணவன் ஒருவன் பத்தனம்திட்டைக்குப் போனான். நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். கையில் ஹால் டிக்கெட் இருந்தது.

தேர்வு மையத்தில் அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்தது. ஹால் டிக்கெட்டில் ஓர் இடத்தில் அவன் பெயர் இருந்தது. இன்னோர் இடத்தில் வேறொரு மாணவனின் பெயர் இருந்தது. அதில் இருந்த எண்ணும் அந்த வேறு மாணவனுடையதே. அவனுக்குத் தேர்வு மையம் திருவனந்தபுரத்தில்.

போலீஸார் வந்தார்கள். முதலில் மாணவனைத்தான் விசாரித்தார்கள். பிறகு விசாரணை நெய்யாற்றின்கரைக்கு வந்தது. அங்கே அக்ஷயா மையம் ஒன்றின் பெண் ஊழியரைக் கைது செய்தார்கள்.

போலீஸார் சொன்ன விவரம் இது. மாணவனின் தாய் விண்ணப்பிக்க 1,850 ரூபாய் கொடுத்திருந்தார். ஊழியர் விண்ணப்பிக்க மறந்துவிட்டார். அதை மறைக்க, வேறொருவரின் ஹால் டிக்கெட்டைத் திருத்திப் போலி தயாரித்தார். அவ்வளவு தூரம் போய் மாணவன் தேர்வு எழுத மாட்டான் என்று அவர் நினைத்தாராம்.

ஆனால் மாணவன் போனான். படித்துத் தயாராகிப் போனான். அந்த ஆண்டு அவனால் தேர்வை எழுதி முடிக்க முடியவில்லை.

சோதனை ஏன் இவ்வளவு கடுமை?

தேர்வில் மோசடி செய்பவர் ஓர் இடத்தைத் திருடுகிறார். அது நேர்மையாகப் படித்த பிள்ளைக்குச் சேர வேண்டிய இடம்.

2024-இல் நீட் வினாத்தாள் ஜார்க்கண்ட் மாநிலம் ஹசாரிபாகில் திருடப்பட்டது. ஹசாரிபாகிலும் பாட்னாவிலும் சுமார் 155 மாணவர்கள் இதனால் பயன் அடைந்ததாக உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது.

அதே ஆண்டு ஜூன் மாதம் ஒரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. வினாத்தாளை வெளியிடுவது குற்றம். ஏமாற்றுவதற்காகப் போலி ஹால் டிக்கெட் கொடுப்பதும் குற்றம். 3 முதல் 5 ஆண்டு வரை சிறை உண்டு. 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கும். ஆனால் பிள்ளை இழந்த ஓர் ஆண்டைத் திருப்பித் தராது. எனவே நாம் முன்பே விழிப்பாக இருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. விண்ணப்பத்தில் நமது சொந்த செல்போன் எண்ணையே கொடுக்க வேண்டும். தகவல்கள் அந்த எண்ணுக்கு வரும்.
2. விண்ணப்பித்ததற்கான உறுதிப் பக்கத்தை அச்சிட்டு வாங்க வேண்டும். பணம் கட்டி முடித்தால்தான் அது கிடைக்கும்.
3. பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், புகைப்படம் சரியா என்று பார்க்க வேண்டும்.
4. விண்ணப்ப எண்ணையும் கடவுச்சொல்லையும் நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.
5. ஹால் டிக்கெட்டை முதல் வரி முதல் கடைசி வரி வரை படிக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே பெயர்தானா என்று பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் கடைசித் தேதிக்கு முன்பே கேட்க வேண்டும். அப்போதுதான் தவறு இருந்தாலும் சரிசெய்ய வழி இருக்கும்.

கோட்டுகால் தாயிடம் திரும்பி வருவோம். அவர் எழுந்து போகவில்லை.

"மக்களே, பணம் கட்டிய ரசீது எங்கே?"

"நாளைக்குத் தருகிறேன் அக்கா."

"நான் இருக்கிறேன். முடித்தே தா. நானும் ஒரு முறை படித்துப் பார்க்கட்டும்."

ஊழியர் அச்சிட்டுக் கொடுக்கிறார். தாய் விரல் வைத்து வரி வரியாகப் படிக்கிறார். மகளின் பெயர் சரி. பிறந்த தேதியில் ஓர் எண் தவறு. அதைச் சுட்டிக் காட்டுகிறார். திருத்த நாள் இருக்கிறது. எழுதப் படிக்கக் கற்றது இதற்கும்தான்.

சொற்பொருள்
போலி – உண்மை போலத் தோன்றும் பொய்யான பொருள்
மோசடி – ஏமாற்று வேலை
கடவுச்சொல் – நமக்கு மட்டும் தெரிய வேண்டிய ரகசியச் சொல்

பேசுங்கள், எழுதுங்கள்
1. போலி ஹால் டிக்கெட் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது?
2. உறுதிப் பக்கம் கேட்டிருந்தால் பாறசாலையில் என்ன மாறியிருக்கும்?
3. உங்கள் வீட்டில் உள்ள ஒரு ரசீதை எடுங்கள். அதில் உள்ள பெயர், தேதி, தொகை மூன்றையும் எழுதுங்கள்.