முதலில் மொத்தம், பிறகு பங்கு

எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் டியூஷனில் நான் கணிதம் சொல்லித் தருகிறேன். போன வாரம் படிவம் 2 தம்பி ஒருவன் புத்தகத்தை மூடிவிட்டு, "அக்கா, எனக்குக் கணக்கு வராதுக்கா" என்றான்.

அவன் விட்டுவிட்ட கேள்வி இது: ஒரு முக்கோணத்தின் கோணங்கள் 2 : 3 : 4 என்ற விகிதத்தில் உள்ளன. மிகப் பெரிய கோணம் எவ்வளவு?

நான் புத்தகத்தைத் திறக்கச் சொல்லவில்லை. "தீபாவளிக்கு 180 முறுக்கு சுட்டாச்சு. மூன்று வீட்டுக்குக் கொடுக்கணும். ஒரு வீட்டில் 2 பேர், அடுத்ததில் 3 பேர், இன்னொன்றில் 4 பேர். ஆளுக்குச் சமமா எப்படிப் பிரிப்பே?" என்றேன்.

"மொத்தம் 9 பேர். ஆளுக்கு 20. அப்போ 40, 60, 80."

"நீ விட்ட கணக்கும் இதேதான்டா!" என்றேன். முக்கோணத்தின் உட்கோணங்களைக் கூட்டினால் 180 பாகை. அதுதான் மொத்தம். ஒரு பங்கை 'ப' என்று வைத்துக்கொள்வோம்.

2ப + 3ப + 4ப = 180
9ப = 180
ப = 20

இங்கேதான் பலர் '20 பாகை' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். 20 என்பது ஒரு பங்குதான், கோணம் அல்ல. பெரிய கோணம் 4 × 20 = 80 பாகை. சரிபார்க்க 40 + 60 + 80 = 180.

அடுத்து ஒரு நாற்கரம் கொடுத்தேன். விகிதம் 1 : 2 : 3 : 4. பழக்கதோஷத்தில் 10ப = 180 என்று எழுதினான். "எத்தனை பக்கம் இருக்கு, பாரு" என்றேன். உடனே அழித்துவிட்டு 360 போட்டான். ப = 36; கோணங்கள் 36, 72, 108, 144 பாகை.

ஆகவே, விகிதத்தைத் தொடும் முன் மொத்தத்தைக் கேளுங்கள். முக்கோணத்துக்கும், நேர்கோட்டின் ஒரு பக்கத்தில் அமையும் கோணங்களுக்கும் 180. நாற்கரத்துக்கும், ஒரு புள்ளியைச் சுற்றிய கோணங்களுக்கும் 360.

இப்போ உங்களுக்கு ஒன்று. ஒரு முக்கோணத்தின் கோணங்கள் ப + 10, 2ப, 3ப − 10. மூன்றையும் கண்டுபிடிங்க. 'ப' கிடைத்ததோடு நின்றுவிடாதீங்க. கடைசிவரை போட்டால், மேலே ஏற்கெனவே பார்த்த மூன்று எண்களே வந்து நிற்கும்.

அந்தத் தம்பி இந்த வாரமும் வகுப்புக்கு வந்தான். இந்த முறை புத்தகத்தை அவனே திறந்தான்.