பின் கேட்டின் சாவி யாரிடம்?

கேள்வி: தென்காசியில் ஒரு மகளிர் கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறேன். என்.எஸ்.எஸ். பொறுப்பும் என்னிடம்தான். மூன்று மாடிக் கட்டடம், இரண்டு படிக்கட்டு. பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்று பின்பக்கப் படிக்கட்டின் கேட்டை எப்போதும் பூட்டியே வைத்திருக்கிறார்கள். தீ ஒத்திகை நாளில் மட்டும் திறப்பார்கள். மணி அடித்ததும் ஓடையோர மைதானத்தில் போய் நிற்போம். இது போதுமா ஐயா?
— ஒரு வாசகி, தென்காசி

பதில்: போதாது அம்மா. ஒத்திகைக்காகக் கேட்டைத் திறந்துவிட்டால், மற்ற நாளில் இல்லாத ஒரு வழியில் இறங்கத்தான் மாணவிகள் பழகுகிறார்கள். தீ பிடிக்கும் நாளில் அந்தக் கேட் பூட்டியிருக்கும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் இறந்த 28 மனநோயாளிகளும் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள். ஓடிவிடக் கூடாது என்றுதான் கட்டிவைத்தார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். சமையல்கூடத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியபோது, மேலே இருந்த பிள்ளைகள் இறங்க ஒடுங்கிய படிக்கட்டுதான் இருந்தது. அதன் பிறகு பள்ளிக் கீற்றுக் கூரைகள் மீது அரசு கண் வைத்தது. வெளியேறும் வழிகள் மீது அந்த அக்கறை வரவில்லை என்பது என் வருத்தம். கல்விக்கூடப் படிக்கட்டு ஒன்றரை மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. உங்கள் கல்லூரியில் அளந்து பாருங்கள். அளக்கும்போது படியோரம் போட்டிருக்கும் உடைந்த பெஞ்ச், பீரோவைக் கழித்துவிட்டு அளக்க வேண்டும்.

வெளியாட்கள் நுழையக் கூடாது என்ற கவலை நியாயமானது. அதற்குப் பூட்டுதான் வழி என்றில்லை. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்க வராத கம்பித் தாழ் ஒன்று உண்டு. புதிய சினிமா தியேட்டர்களின் அவசர வழிக் கதவில் பார்த்திருப்பீர்கள். அதை மாட்டும்படி நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். அதுவரை வகுப்பு நேரம் முழுக்கக் கேட்டைத் திறந்துவைத்து ஒரு வாட்ச்மேனை அங்கே உட்கார வையுங்கள். சாவி ஆபீஸ் ஆணியில் தொங்கினால், புகை சூழ்ந்த பிறகு யார் போய் எடுப்பது?

மைதானம் எனக்கு இன்னும் பெரிய கவலை. குற்றாலத்தை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கீழே தூறல்கூட இல்லாதபோதும் மலையில் பெய்த மழை திடீரென்று இறங்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மீது வெள்ளம் அப்படித்தான் பாய்ந்தது. 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மழை நாளில் ஓடையோரத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நிறுத்தாதீர்கள்.

தீ என்றால் கீழே இறங்கி வெளியே வர வேண்டும். வெள்ளம் என்றால் மேல்மாடிக்கு ஏற வேண்டும். இரண்டுக்கும் ஒரே மணி அடித்தால் பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள்? தீக்கு விடாமல் அடிக்கும் மணி, வெள்ளத்துக்கு மைக்கில் அறிவிப்பு என்று பிரித்துவிடுங்கள். கரண்ட் போனாலும் அடிக்கக்கூடிய கைமணியும் மெகாபோனும் மாடிக்கு ஒன்று வேண்டும். தரைக்குக் கீழே நூலகமோ ஆய்வகமோ இருந்தால் முதலில் அதைக் காலி செய்யுங்கள். 2024 ஜூலை 27 அன்று டெல்லியில் ஒரு பயிற்சி மையத்தின் அடித்தள நூலகத்தில் மழைநீர் புகுந்து 3 பேர் இறந்தார்கள்.

தீக்கு ஒன்றுகூடும் இடத்தைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று புகையைக் கிழக்கே தள்ளும். அந்த மாதங்களில் கட்டடத்துக்கு மேற்கே, மரங்களை விட்டு விலகி நிற்பது நல்லது. கூடியதும் பெயர் கூப்பிட வேண்டும். அன்றைய வருகைப் பதிவேட்டை யார் கையில் எடுத்து வருவது என்று வகுப்புவாரியாக இன்றே முடிவு செய்யுங்கள். கால் ஊனமுற்ற மாணவி ஒருவர் மேல்மாடியில் படித்தால், அவர் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள். லிஃப்டை நம்ப முடியாது.

தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் வந்து செய்முறை காட்டுவார்கள். அவசரத்துக்கு 101 அல்லது 112. அடுத்த ஒத்திகையை, கெமிஸ்ட்ரி லேபில் ஆள் இருக்கும் ஒரு பிற்பகலில், முன்கூட்டிச் சொல்லாமல், முன்படிக்கட்டை மட்டும் அடைத்துவிட்டு நடத்துங்கள்.