நம்பிக்கைகளும் உண்மைகளும்: மெஷின் வந்தாச்சு, இனி டாக்டர் எதுக்கு?

மெஷின் மலைமேல் இருக்கிறது. அதை எழுதிக்கொடுத்த டாக்டர் சேலத்தில் இருக்கிறார். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டிலும் சேர்வராயன் மலையின் மற்ற ஊர்களிலும் சிபாப் மெஷினை மாட்டிக்கொண்டு தூங்குகிறவர்களின் பாடு இதுதான். ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்க ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் வீட்டு வாசலுக்கே வருகிறது. தூக்கத்தில் மூச்சடைப்பதற்கு அப்படி யாரும் வருவதில்லை; நாமாக இறங்கிப் போனால்தான் உண்டு. இறங்காமல் இருக்க நம்மிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. அதில் பாதி சோம்பல், மீதி தவறான நம்பிக்கை. சோம்பலுக்கு என்னிடம் மருந்து இல்லை. மீதியைப் பார்ப்போம்.

முதலில், இந்தத் தொந்தரவே என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்வதைத்தான் ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். 10 விநாடி, 20 விநாடி, சிலருக்கு ஒரு நிமிடம்கூட மூச்சு நிற்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் எழுப்பிவிடும். பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். மணிக்கு 30 தடவைக்கு மேல் இப்படி நடந்தால் கடுமையான நிலை. மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தினால் பாதை மூடாமல் இருக்கும் என்று சிட்னியில் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் 1981-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். இன்றைய சிபாப் அதிலிருந்து வந்தது. எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் உழைக்கும் வயதில் உள்ளவர்களில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இந்த மூச்சடைப்பு இருக்கிறது. ‘டிஸ்கோ டான்ஸர்’ இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் இறந்தபோது அவருடைய மருத்துவர் சொன்ன காரணமும் இதுதான்.

நம்பிக்கை: “மெஷின் வாங்கியாச்சு. ராத்திரி மாட்டிக்கிட்டுப் படுத்தா போதும்.”

போதாது. ஸ்லீப் ஸ்டடி (தூங்கும்போது மூச்சை அளக்கும் பரிசோதனை) நடந்த ஓரிரு இரவுகளில் உங்கள் தொண்டைக்கு எவ்வளவு காற்றழுத்தம் தேவைப்பட்டது என்று பார்த்து ஓர் எண்ணை வைக்கிறார்கள். அன்று உங்கள் எடை என்ன, மூக்கு அடைத்திருந்ததா, மல்லாந்து படுத்தீர்களா என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வந்தது. ஆறு மாதம் கழித்து இதில் எத்தனை அப்படியே இருக்கும்? அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ மெஷின் என்றாலும், டாக்டர் வைத்த எல்லைக்குள்தான் அது ஏறி இறங்கும். முகத்து எண்ணெய் பட்டுப் பட்டு மாஸ்க்கின் சிலிகான் தளர்ந்துபோகும், காற்று கசியும். புதிதாகத் தாடி வளர்த்தாலும் கசியும். புது டூவீலருக்கு ஃப்ரீ சர்வீஸ் கூப்பன் காலாவதியாகும் முன்பே ஷோரூம் வாசலில் நிற்கிற நாம், மூச்சு விடவைக்கிற மெஷினை வாங்கிய அன்றோடு மறந்துவிடுகிறோம்.

மருத்துவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு இப்படி: முதல் வாரத்தில் போனிலாவது ஒரு விசாரிப்பு, ஒரு மாதத்துக்குள் நேரில் ஒரு முறை, மூன்றாம் மாதம் ஒரு முறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. முதல் விசாரிப்புதான் எல்லாவற்றிலும் முக்கியம். முதல் வாரத்திலேயே மாஸ்க்கோடு மல்லுக்கட்டித் தோற்றவர்தான் பின்னால் மெஷினைப் பீரோ மேல் ஏற்றிவைக்கிறார். மூக்குத் தழும்பு, வாய் வறட்சி, வயிற்றில் காற்று ஏறுவது, மாஸ்க் போட்டதும் ஒரு திகில் என்று அவர் தோற்ற காரணங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பத்து நிமிடப் பேச்சிலேயே வழி இருக்கும். மாஸ்க்கின் அளவை மாற்றுவார்கள், ஈரப்பதத்தைக் கூட்டுவார்கள், மூக்கில் அடிக்கும் ஸ்பிரே எழுதிக்கொடுப்பார்கள், அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும்படி வைப்பார்கள். கேட்க ஆளில்லாததால்தான் அவர் விட்டுவிட்டார்.

குறைவாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. இந்தியா உள்பட 7 நாடுகளில் 2,717 பேரை வைத்து நடந்த ‘சேவ்’ ஆய்வின் முடிவு 2016-இல் வெளியானது. ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்கள் அவர்கள். சிபாப் போட்டதால் அடுத்த மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை என்று முடிவு வந்ததும், “பார்த்தீர்களா, பிரயோஜனமில்லை” என்று பேசினார்கள். அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது: சராசரியாக அவர்கள் மெஷினைப் போட்டது இரவுக்கு 3.3 மணி நேரம். அவ்வளவுக்கே குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்து, மனநிலையும் தேறியது. மாரடைப்பைத் தடுக்க அந்த மூன்று மணி நேரம் போதாமல் போயிருக்கலாம் என்பது பல மருத்துவர்களின் வாதம். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு தப்புக்கணக்கு, நாலு மணி நேரம் போட்டால் போதும் என்பது. அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு மெஷினுக்குப் பணம் கொடுக்க வைத்த அளவுகோல் அது: 30 நாளில் 70 சதவீத இரவுகளில் 4 மணி நேரம். உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. கனவு காணும் தூக்கம் விடியற்காலையில்தான் நீண்டு வரும். தசைகள் மிக அதிகமாகத் தளர்வதும் அப்போதுதான். பலருக்கு மூச்சடைப்பு மோசமாவதும் அந்த நேரத்தில்தான். பத்து மணிக்கு மாட்டி இரண்டு மணிக்குக் கழற்றுகிறவர் மோசமான நேரத்தைப் பாதுகாப்பில்லாமல் கழிக்கிறார்.

நம்பிக்கை: “ஆப்புல ஸ்கோர் 95 காட்டுது. டாக்டர் இதைவிட என்ன சொல்லப்போறார்?”

பரவலாகப் பயன்படும் ரெஸ்மெட் நிறுவனத்தின் மைஏர் செயலியை எடுத்துக்கொள்வோம். அதன் 100 மதிப்பெண்ணில் 70 எத்தனை மணி நேரம் போட்டீர்கள் என்பதற்கு. 20 காற்று கசியாததற்கு. மாஸ்க்கை அடிக்கடி கழற்றாததற்கு 5. மூச்சு எத்தனை முறை நின்றது என்பதற்கும் அதே 5தான். மூச்சு நின்று நின்று ஓடினாலும் 95 வாங்கிவிட முடியும்! ஆளை உற்சாகப்படுத்தத்தான் அந்த மதிப்பெண். டாக்டர் பார்ப்பது வேறு. மெஷின் பதிவுசெய்து வைத்திருக்கும் மூச்சடைப்பு எண் மணிக்கு 5-க்குக் கீழே இருக்கிறதா, கசிவு எந்த நேரத்தில் வருகிறது, நிற்கிற மூச்சு தொண்டை அடைத்து நிற்கிறதா அல்லது மூளை கட்டளை தராமல் நிற்கிறதா என்று பார்ப்பார். கூடவே ரத்த அழுத்தம், எடை, பகலில் தூங்கி வழிகிறீர்களா என்பதும். எண்ணெல்லாம் சரியாக இருந்தும் அசதி போகவில்லை என்றால் தைராய்டு, மனச்சோர்வு, வேறு மாத்திரைகள் என்று தேட வேண்டியிருக்கும். செயலிக்கு இதெல்லாம் தெரியாது.

நம்பிக்கை: “மெஷின் கொண்டுவந்த பையனே எல்லாம் செட் பண்ணிட்டான். பத்தலைன்னா அழுத்தத்தைக் கூட்டிக்கலாம்.”

மாஸ்க் பொருத்துவதில் நல்ல டெக்னீஷியனுக்கு ஈடில்லை. அந்த வேலையில் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் சிபாப் தொடங்கிய சிலருக்கு, தொண்டை திறந்திருந்தும் மூளை மூச்சு விடச் சொல்லாமல் இருந்துவிடும் ஒரு நிலை புதிதாக வரும். பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். அந்த நேரத்தில் அழுத்தத்தைக் கூட்டினால் அது மோசமாகும். எண் ஏறுகிறது என்று கூட்டினோம், இன்னும் ஏறுகிறது என்று இன்னும் கூட்டினோம் என்று போனால் எங்கே முடியும்? அழுத்தம் மருந்தின் அளவு மாதிரிதான். டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

நம்பிக்கை: “மலைக் காத்து சுத்தமான காத்து. இங்க மெஷின் வேண்டாம்.”

உள்ளூர்க்காரர்களைவிட, இரண்டு நாள் ஓய்வுக்கு வருகிறவர்களிடம்தான் இந்த நம்பிக்கை அதிகம். மெஷினைச் சென்னையிலோ ஈரோட்டிலோ விட்டுவிட்டு வருகிறார்கள். சிபாப் ஆக்ஸிஜன் மெஷின் என்ற நினைப்புதான் இதற்கு வேர். கொரோனா காலத்தில் எல்லா மாஸ்க்கும் மனதில் ஒன்றாகிவிட்டது. சிபாப் தருவது அறையில் இருக்கிற அதே காற்றை. அடைக்கிற தொண்டைக்கு வெளியே காற்று எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை.

உயரம் இதில் உதவுவதுமில்லை. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய 85 சதவீதம்தான். ஸூரிச் மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சமவெளியில் வாழும் ஸ்லீப் ஆப்னியாக்காரர்களை மெஷின் இல்லாமல் 1,860 மீட்டருக்கும் 2,590 மீட்டருக்கும் அழைத்துப்போய்த் தூங்கவைத்தார்கள். ஊரில் இருந்ததைவிட மூச்சு அதிக முறை நின்றது, ஆக்ஸிஜனும் இன்னும் இறங்கியது. ஏற்காடு அவ்வளவு உயரமில்லை. ஆனாலும் மெஷினை வீட்டில் விட்டுவர மலையேற்றம் ஒரு காரணமாகாது. முக்கியமாக, மறுநாள் காலை அந்த வளைவுகளில் ஸ்டியரிங் பிடிக்கப்போகிறவர் நீங்களே என்றால்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், மலையில் மெஷின் சரியாக ஓடாது என்ற பயமும் உண்டு. இன்றைய மெஷின்கள் உயரத்தைத் தாமே ஈடுகட்டிக்கொள்ளும். சில மாடல்களின் கையேட்டில் சுமார் 2,590 மீட்டர் வரை என்று போட்டிருக்கும். மிகப் பழைய மெஷின்களில்தான் கையால் மாற்ற வேண்டியிருந்தது. அப்படியொன்று இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நம்பிக்கை: “குழாயில தண்ணி நிக்குது, மெஷின் கெட்டுப்போச்சு.”

கெடவில்லை. மார்கழி, தை மாதங்களில் ஏற்காட்டுக் குளிரில் இது நடக்கத்தான் செய்யும். மெஷினிலிருந்து வெதுவெதுப்பாகக் கிளம்பும் ஈரக்காற்று, சில்லென்ற குழாயில் பட்டு நீராகி, நடுராத்திரி மூக்கில் சொட்டும். ஈரப்பதத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள். மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வையுங்கள். குழாயைக் கம்பளிக்குள் விட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் தீராவிட்டால் சூடேறும் குழாய் இருக்கிறதா என்று கேளுங்கள். தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், தினமும் மாற்ற வேண்டும். இன்வெர்ட்டருக்கு வாங்கிய பேட்டரி தண்ணீர் வேண்டாம். அது மூச்சோடு உள்ளே போவதற்காகத் தயாரித்ததல்ல.

கரண்ட் போனால் மூச்சு நின்றுவிடும் என்பதும் வீண் பயம். மாஸ்க்கில் காற்று வெளியேறும் துளை உண்டு. மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்கில் வெளிக்காற்றை உள்ளே விடும் வால்வும் உண்டு. மெஷின் நின்றால் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒருக்களித்துப் படுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது வழக்கமான ஊர்களில் இன்வெர்ட்டர் இருந்தால் நல்லது. அதில் ஓட்டும்போது நீர் சூடேற்றும் பகுதியை நிறுத்திவிட்டால் நெடுநேரம் தாங்கும்.

நம்பிக்கை: “பழைய மெஷின் பாதி விலைக்கு வந்தது. ஓடுது, போதாதா?”

2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உலகெங்கும் பல லட்சம் மெஷின்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்திருந்த பாலியூரித்தேன் நுரை நாளடைவில் உதிர்ந்து மூச்சுக்காற்றில் கலக்கலாம் என்பது காரணம். முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷனும் அந்தப் பட்டியலில் இருந்தது. டாக்டரின் தொடர்பில் இருந்தவர்களுக்குத் தகவல் போய்ச்சேர வழி இருந்தது. தெரிந்தவர் மூலமும் ஆன்லைனிலும் கைமாறிய மெஷினை வைத்திருந்தவருக்கு யார் சொல்வது? பழைய மெஷின்தான் கட்டுப்படியாகும் என்றால் வாங்குங்கள், தப்பில்லை. அதன் மாடலையும் சீரியல் எண்ணையும் டாக்டரிடம் காட்டிவிட்டு, உங்கள் அழுத்தத்தை வைத்துக்கொண்டு, புது மாஸ்க்கோடு தொடங்குங்கள்.

நம்பிக்கை: “ஒருதரம் மாட்டினா ஆயுசுக்கும் விடமுடியாது.”

அடிமையாக்க இதில் மருந்து எதுவும் இல்லை. எடை நன்றாகக் குறைந்தால் சிலருக்கு அழுத்தத்தைக் குறைக்கலாம், சிலருக்கு மெஷினே வேண்டியிருக்காது. உடல் பருமனோடு ஸ்லீப் ஆப்னியாவும் உள்ளவர்களுக்கு எடையைக் குறைக்கும் டிர்செபடைடு ஊசியை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 டிசம்பரில் அனுமதித்தது. அதே ஊசி 2025 முதல் இந்தியக் கடைகளிலும் சர்க்கரைக்கும் எடைக்குமாகக் கிடைக்கிறது. ஆனால் நிறுத்தலாமா என்பதை மறுபடி ஒரு ஸ்லீப் ஸ்டடிதான் சொல்ல வேண்டும். குறட்டை குறைந்துவிட்டது என்று வீட்டில் சொல்வதை வைத்து நிறுத்தக்கூடாது. சத்தமில்லாமலும் மூச்சு நிற்கும்.

ஒவ்வொரு தடவையும் மலையிறங்கத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் வந்த மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி டாக்டர் போனிலும் வீடியோவிலும் ஆலோசனை சொல்லலாம். பல மெஷின்களின் பக்கவாட்டில் சின்ன மெமரி கார்டு ஒன்று இருக்கும். இரவுப் பதிவுகள் அதில் இருக்கும். கார்டை மட்டும் சேலத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, டாக்டரிடம் போனில் பேசிக்கொள்ள முடியுமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். நேரில் போகும் நாளில் மெஷின், மாஸ்க், கரண்ட் வயர், கார்டு, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிப்போங்கள். மூச்சு நிற்பதைப் பார்ப்பவர் அவர்தான். இரவுக்கு எத்தனை மணி நேரம் போட்டேன், எவ்வளவு கசிவு, மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது என்ற மூன்று எண்ணையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளாமல் அறையைவிட்டு எழுந்துவராதீர்கள்.