கமக்காரரின் கைக்கத்தி: அலகும் பிடியும்

மண்வெட்டிக்கு அடுத்தபடியாகக் கமக்காரரின் கையில் நாள்தோறும் இருக்கும் கருவி கத்தியாகும். வேலிக்குக் கதியால் வெட்டுவதற்கும், வயலுக்குப் பசளையாகக் குழை தறிப்பதற்கும், பந்தற் பயிர்களுக்குத் தடி சீவுவதற்கும், வாழைக்குலை, பூசணி, கோவா முதலியவற்றை அறுவடை செய்வதற்கும் அது வேண்டப்படுகின்றது. ஆயினும், விதையையும் பசளையையும் வாங்கும்பொழுது பலரிடம் விசாரிக்கும் நாம், கத்தியை வாங்கும்பொழுது அதன் கூரை மாத்திரம் பார்த்துத் திருப்தியடைந்து விடுகின்றோம். கூர் என்பது அரத்தினாலும் சாணைக்கல்லினாலும் எந்நேரமும் உண்டாக்கக்கூடியது. அலகின் வடிவமும் பிடியின் அமைப்பும் அத்தகையன அல்ல. அவை கத்தி செய்யப்படும்பொழுதே அமைவன. கத்தி நன்கு வெட்டுமா, கையைக் காக்குமா என்பதை இவையே தீர்மானிக்கின்றன.

ஒரு சம்பவம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கமக்காரர் தம் தோட்டத்திற்கு வேலி அடைக்க முற்பட்டார். நாற்று மேடையில் மிளகாய்க் கன்றுகள் நடுகைக்கு ஆயத்தமாக இருந்தன. கதியாலை இடக்கையிற் பிடித்துக்கொண்டு நுனியைச் சீவுகையில் கத்தி திரும்பிச் சறுக்கி, இடக்கைச் சுட்டுவிரலின் நரம்பை அறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் விரலைத் தைத்துக் காப்பாற்றினார்கள். ஆனால் இரண்டு மாதங்கள் வரை அவராலே மண்வெட்டி பிடிக்க இயலவில்லை. கன்றுகள் மேடையிலேயே முற்றிப்போயின. அந்தப் போகம் அவருக்கு இல்லாமற் போயிற்று.

அவரைப் பார்க்கச் சென்ற நான் அந்தக் கத்தியையும் வாங்கிப் பார்த்தேன். அலகு நல்ல உருக்கு. வாயும் நன்கு தீட்டப்பட்டிருந்தது. பிடியோ தும்புத்தடியின் கைபோல உருண்டையாகவும், மெருகெண்ணெய் பூசி வழுவழுப்பாகவும் இருந்தது. வியர்த்த கைக்குள் அது சுழன்றதே விபத்துக்குக் காரணம். "கத்தி வாய் சரியில்லைப் போலும்" என்றார் அவர். வாயிலே குற்றமில்லை, குற்றம் பிடியிலேயே இருந்தது.

மடக்காத கத்தியே ஏற்றது

மடக்குக் கத்தி சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வசதியானது. ஆயினும் அதன் மூட்டு பலங்குறைந்தது. மண்ணும் பாலும் அதனுள் அடைந்துகொள்ளும். அலகைப் பூட்டும் அமைப்பு இல்லாதிருப்பின், அழுத்தி வெட்டும்பொழுது அது விரல்மேல் மடங்கவுங்கூடும். ஆகவே தோட்ட வேலைக்கு அலகும் பிடியும் அசையாது பொருத்தப்பட்ட கத்தியே தகுந்தது.

அலகின் அமைப்பு

அலகிலே கவனிக்க வேண்டியவை நான்கு.

1. தடிப்பு. கதியால் முதலியவற்றை ஓங்கி வெட்டும் கத்தியின் முதுகு 5 அல்லது 6 மில்லிமீற்றர் தடித்திருத்தல் நன்று. அறுத்தெடுக்கும் வேலைக்கான கத்திக்கு 2 முதல் 3 மில்லிமீற்றர் போதும். மெல்லிய அலகினால் முற்றிய தடியை வெட்டினால் வாய் மடியும். தடித்த அலகினால் கோவாவை அறுத்தால், அது அறுபடாமற் பிளவுபடும்.

2. வாயின் சரிவு. கத்தியின் வாய் ஓர் ஆப்பைப் போன்றது. இருபக்கச் சரிவும் சேர்ந்து 20 பாகை அளவினதாயின் இலகுவில் அறுக்கும். ஆனால் விரைவில் மழுங்கும். 35 முதல் 40 பாகையாயின் வெட்டுக்குத் தாக்குப்பிடிக்கும். ஆனால் அறுப்பதற்குக் கூடிய அழுத்தம் வேண்டும். கதியால் வெட்டுங் கத்திக்குச் சரிவு சற்றுப் புறங்குவிந்திருத்தல் நலம். அத்தகைய வாய் வெட்டப்பட்ட மரத்திற் சிக்காது இலகுவில் விடுபடும். மழுங்கிய வாய் கதியாலின் பட்டையை நசித்துவிடும் என்பதையும் மறத்தலாகாது. பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவை ஆகியவற்றின் கதியால்கள் பட்டை நசிந்தவிடத்து வேர்விடாது அழுகுவதுண்டு.

3. வளைவு. கொடுவாக்கத்தியின் நுனி உட்புறம் வளைந்திருப்பது வீணன்று. மெல்லிய குழைக் கொப்பில் நேரான அலகு பட்டால் கொப்பு வளைந்து விலகிவிடும். வளைந்த அலகோ அதனைக் கொளுவி இழுத்து வெட்டும். முட்கொப்பைக் கையாலே தொடாமல் இழுத்து அகற்றுவதற்கும் அவ்வளைவு உதவும். ஆனால் நிலத்தோடு ஒட்டிய செடியை வெட்டும்பொழுது அந்நுனி கல்லிலும் மண்ணிலும் பட்டு முறியக்கூடும். அவ்வேலைக்கு நுனி மொட்டையான நேர் அலகே ஏற்றது. தோலைச் சீவவும் அறுக்கவும் புறங்குவிந்த வாய் நன்று. இழுக்குந்தோறும் அதன் வெவ்வேறு பாகங்கள் வெட்டுமுகத்திற் படும்.

4. உருக்கின் பதம். நம் கொல்லர்கள் பெரும்பாலும் பழைய லொறி வில்லுத் தகட்டினாற் கத்தி அடிக்கின்றனர். இது நல்ல உருக்கேயாம். ஆயினும் தோய்ச்சல் சரியாக அமைதல் வேண்டும். புதிய அரத்தினால் வாயை மெல்லத் தேய்த்துப் பாருங்கள். அரம் சற்றே பிடித்து வழுகினால் பதம் சரி. கண்ணாடியிற் போல முற்றாக வழுகினால் வாய் உடையும். ஆழமாகக் கடித்தால் வாய் மடியும்.

நிறையும் சமநிலையும்

வெட்டின் வலு, கத்தியின் நிறையை மாத்திரமன்றி, அது வந்து விழும் வேகத்தையும் பொறுத்ததாகும். நிறை இருமடங்கானால் வலுவும் இருமடங்காகும்; வேகம் இருமடங்கானாலோ வலு நான்கு மடங்காகும். ஆகவே, கையைக் களைக்கச் செய்யும் பாரமான கத்தியைவிட, விசையாக வீசத்தக்க நடுத்தரக் கத்தி கூடிய வேலையைச் செய்யும்.

சமநிலையை அறிவது இலகு. கத்தியைப் படுக்கையாக ஒரு விரலின்மேல் வைத்து, எந்த இடத்திற் சரியாது நிற்கின்றதெனப் பாருங்கள். ஓங்கி வெட்டும் கத்தியாயின் அவ்விடம் பிடிக்கு அப்பால், அலகிலே 2 அல்லது 3 அங்குல தூரத்தில் இருத்தல் வேண்டும். அறுவடைக் கத்தியாயின் பிடியும் அலகும் சேருமிடத்திலேயே இருத்தல் வேண்டும். முன்பாரம் மிகக் கூடிய கத்தியை இடையில் நிறுத்துவது கடினம். மணிக்கட்டும் விரைவில் நோவெடுக்கும்.

பிடியின் அமைப்பு

நீளம்: பிடி உள்ளங்கையின் அகலத்தைவிட ஒரு விரலளவாவது நீண்டிருத்தல் வேண்டும். பெரும்பாலானோருக்கு 5 அங்குலம் போதுமானது. பிடி குறுகியதாயின் அதன் முனை உள்ளங்கையிற் குத்தும். சின்ன விரலும் பிடிக்கு வெளியே நிற்கும்.

பருமன்: பிடியைப் பற்றும்பொழுது விரல்நுனிகள் உள்ளங்கையைத் தொடும் தொடாத அளவில் இருத்தல் வேண்டும். குறுக்களவு ஏறக்குறைய ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலமாகும். மெல்லிய பிடியை இறுகப் பற்ற வேண்டியிருப்பதாற் கை விரைவில் விறைக்கும்.

குறுக்குவெட்டு: பிடி உருண்டையாக இராது முட்டை வடிவாக இருத்தல் வேண்டும். அப்பொழுது கண்ணாற் பாராமலே வாய் எப்பக்கம் இருக்கின்றதென்பதைக் கை அறியும். கத்தியும் கைக்குள் சுழலாது. மேலே கூறிய கமக்காரரின் விரலைக் காத்திருக்கக்கூடியது இந்த ஓர் அமைப்பேயாகும்.

இரு முனைகள்: பிடியின் பின்முனை சற்றுப் பருத்து அல்லது கீழ்நோக்கி வளைந்திருத்தல் வேண்டும். வீசும்பொழுது கத்தி கையை விட்டுப் பறவாமல் அது தடுக்கும். இழுத்து அறுக்கும் அரிவாளுக்கும் இவ்விதி பொருந்தும். குத்தித் தள்ளி அறுக்கும் கத்தியாயின் பிடியின் முன்முனையிலும் ஒரு தடுப்பு வேண்டும். இல்லாவிடில் ஈரக்கை முன்னே வழுகி வாயிற் படும்.

விரல்களுக்கெனத் தனித்தனிப் பள்ளம் வெட்டிய பிடி பார்வைக்கு அழகானது. ஆனால் அது ஒருவர் கைக்கே பொருந்தும். பிடியை மாற்றிப் பற்றவும் விடாது. பள்ளங்களின் விளிம்புகள் கையிற் கொப்புளம் உண்டாக்கும். அத்தகைய பிடியைத் தவிர்த்தல் நன்று.

அலகும் பிடியும் சேரும் விதம்

அலகின் வால் பிடியினுள் எவ்வாறு பொருத்தப்பட்டுள்ளது என்பதே கத்தியின் ஆயுளை நிர்ணயிப்பது. அலகின் அகலத்திலேயே வால் பிடியின் முழு நீளத்துக்கும் சென்று, இருபக்கமும் மரத்துண்டு வைத்துத் தறையாணியால் இறுக்கப்பட்டிருப்பின் அதுவே மிக உறுதியானது. ஆனால் பிடி பாரமாகும். மழைக்காலத்தில் மரத்திற்கும் இரும்பிற்கும் இடையே நீர் புகும். கூரிய வாலைக் காய்ச்சி மரத்துள் இறக்கி, அரக்கு வைத்துப் பூண் போட்ட கத்தி இலேசானது. கைக்கு அதிர்வும் குறைவு. ஆயினும் வால் பிடியின் முக்காற் பங்குக்காவது செல்லுதல் வேண்டும். வால் முழு நீளத்துக்குஞ் சென்று பின்முனையில் அடித்து மடிக்கப்பட்டிருப்பின் இன்னும் நன்று. அரக்கு சூட்டினால் இளகுமாதலின் இத்தகைய கத்தியை அடுப்பருகே வைத்தலாகாது.

பிடி ஆடத் தொடங்கியதும் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றிக்கொள்வது பலரது வழக்கம். இது ஆபத்தானது. இறப்பருக்குள் நீர் தங்கி வால் துருப்பிடிக்கும். மரத்தின் வெடிப்பும் கண்ணுக்குத் தெரியாது. ஓங்கிய கத்தியின் அலகு ஒருநாள் பிடியை விட்டுப் பறக்கும். ஆடும் பிடியை அன்றைக்கே கொல்லரிடம் கொடுத்து மாற்றுதலே முறை.

பராமரிப்பு

1. வேலை முடிந்ததும் பாலையும் மண்ணையும் கழுவித் துடைத்து, அலகில் மெல்லியதாக எண்ணெய் பூசுக. கடற்காற்று வீசும் இடங்களில் இது மிக அவசியம்.

2. பிடிக்கு மெருகெண்ணெயும் தேங்காயெண்ணெயும் வேண்டாம். முன்னது வழுக்கும், பின்னது உலராது பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெயை மெல்லப் பூசித் துடைத்து உலரவிடுக.

3. மின்சாரச் சாணையில் தீட்டும்பொழுது வாயைக் கணந்தோறும் நீரில் தோய்க்க வேண்டும். வாய் நீலநிறமடைந்தால் அவ்விடத்தில் பதம் போய்விட்டதென்று அறிக.

4. வாடல்நோய் கண்ட பயிரை வெட்டிய கத்தியால் நல்ல பயிரை வெட்டற்க. அலகையும் பிடியின் இடுக்கையும் கழுவி, மதுசாரத்தினால் துடைத்த பின்னரே மறுபயிருக்குச் செல்க.

5. கத்தியை உறையிலிட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க. காயம் பட்டால் அது சிறிதாயினும் கழுவி, ஏற்புவலித் தடுப்பூசி குறித்து வைத்தியரிடம் கேட்டறிக.

முடிவுரை

ஒரே கத்தியால் எல்லா வேலையையும் செய்ய முயல்வது சிக்கனமன்று. கதியாலுக்கும் குழைக்கும் ஒரு கொடுவாக்கத்தி, அறுவடைக்கு ஒரு மெல்லிய கத்தி என இரண்டாவது வைத்திருத்தல் வேண்டும். அடுத்த முறை கொல்லரிடம் செல்லும்பொழுது, வாயைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் பிடியைப் பற்றிப் பாருங்கள். கையை நனைத்துக்கொண்டு, எவருக்கும் எட்டாத தூரத்தில் நின்று மெதுவாக வீசிப் பாருங்கள். கைக்குள் சுழலும் பிடியாயின், அலகு எவ்வளவு நல்லதாயினும், வேறு பிடி போடும்படி கேளுங்கள். ஒரு பிடியின் விலை ஒரு போகத்தின் விளைவுக்கு முன் மிகச் சிறியதே. மேலதிக விபரங்களை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம்.