உள்ளுதட்டில் கட்டியா? ஊசியை எடுக்காதீர்கள்!

1. கையைக் கழுவிவிட்டு, பகல் வெளிச்சத்தில் உதட்டைப் புரட்டிக் கண்ணாடியில் பாருங்கள். இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து மெதுவாக அழுத்துங்கள். நிறம், மென்மை, வலி, எத்தனை நாளாக இருக்கிறது என்ற நான்கும் தெரிந்தாலே பாதி குழப்பம் தீரும். செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வளர்கிறதா, வற்றுகிறதா என்று பிறகு ஒப்பிடலாம்.

2. கீழுதட்டின் உள்ளே, வலியில்லாமல், லேசான நீலம் ஓடிய வழவழப்பான கொப்புளமா? பெரும்பாலும் அது உமிழ்நீர்க் கட்டி. டாக்டர்கள் 'மியூக்கோசீல்' என்பார்கள். உதட்டைக் கடிக்கும்போது சிறிய உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் அறுந்து, நீர் வெளியே வர வழியில்லாமல் தோலுக்கடியில் தேங்கிவிடுகிறது. பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும்தான் அதிகம். தானே உடைந்து வழவழவென்று நீர் வரும், அமுங்கும், சில நாளில் அதே இடத்தில் மறுபடி கிளம்பும். இந்த வந்துபோகிற குணம்தான் இதன் அடையாளம்.

3. ஊக்கு, ஊசி கொண்டு குத்தாதீர்கள். நீர் போகும், சுரப்பி அங்கேயேதான் இருக்கும். கூடவே கிருமியும் சேரும். சில வாரங்களில் மறையாவிட்டால் பல் மருத்துவர் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சுரப்பியோடு சேர்த்து எடுத்துவிடுவார். சுண்ணாம்பு தடவும் வைத்தியமும் வேண்டாம், உள்ளுதடு வெந்துபோகும்.

4. ரவை போல மஞ்சள் புள்ளிகள் கூட்டமாகத் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அவை எண்ணெய்ச் சுரப்பிகள். மருந்தே தேவையில்லை.

5. நடுவில் வெளுத்து, சுற்றிலும் சிவந்து, காரம் பட்டால் உயிர் போகிறதா? அது கட்டியல்ல, வாய்ப்புண். ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். அடிக்கடி வந்தால் இரும்புச்சத்து, பி12 அளவைப் பரிசோதிக்கச் சொல்வார்கள்.

6. உதட்டின் நிறத்திலேயே, கெட்டியாக, மாதக்கணக்கில் மாறாமல் ஒரு முண்டு இருந்தால், ஒரே இடத்தைப் பல் உரசி வந்த தழும்புச் சதையாக இருக்கலாம். அதை எடுத்தாலும், உரசும் கூர்ப்பல்லையும் சேர்த்துச் சரிசெய்யாவிட்டால் திரும்ப வரும்.

7. பல் பிடுங்க ஊசி போட்ட பிள்ளைக்கு மறுநாள் உதடு வீங்கி வெளுத்து நிற்கிறதா? மரத்த உதட்டைத் தெரியாமல் மென்றிருக்கும். ஊசி போட்டு வந்தபின் மரப்பு தெளியும்வரை சாப்பாடு கொடுக்காதீர்கள், கண்காணியுங்கள். ஆனால் காய்ச்சலோ, சீழோ, கன்னம்வரை வீக்கமோ இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

8. மேலுதட்டின் உள்ளே கெட்டியான கட்டி என்றால் அலட்சியம் கூடாது. உமிழ்நீர்க் கட்டி அங்கே வருவது அபூர்வம். சுரப்பியில் கிளம்பும் வேறு கட்டியா என்று பார்த்தாக வேண்டும்.

9. புகையிலையை உதட்டுக்குள் அதக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு வெள்ளைத் திட்டு, தடிப்பு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், ரத்தக்கசிவு எது இருந்தாலும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்கவில்லையே என்று தள்ளிப்போடுவதுதான் இதில் பெரிய ஆபத்து. அவர் சதைப் பரிசோதனை சொன்னால் மறுக்காதீர்கள்.

10. உதடு முழுவதும் திடீரென உப்பினால் அது ஒவ்வாமையாகவோ மருந்தின் வேலையாகவோ இருக்கலாம். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள், பல வருடம் ஒத்துக்கொண்ட பிறகும் இப்படிச் செய்வதுண்டு. நாக்கு தடித்தாலோ, குரல் மாறினாலோ, மூச்சு திணறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.